உதவிப் பக்கங்களைத் தமிழாக்கப் பத்துப் பேர் கிடைத்துவிட்டார்கள், அடுத்து என்ன?

மார்ச் 4

செடி வளர்ப்போர் இணையக் குழுமம் ஒன்றை நடத்துகிறவர் கேட்டிருக்கிறார்: "எங்களிடம் 38 உதவிப் பக்கங்கள் ஆங்கிலத்தில் இருக்கின்றன. தமிழாக்கம் செய்யப் பத்துத் தொண்டூழியர்கள் பெயர் கொடுத்திருக்கிறார்கள். ஆளுக்கு நான்கு பக்கம் என்று பிரித்துக் கொடுத்தால் ஜூன் விடுமுறைக்குள் முடித்துவிடலாம்தானே?"

பிரித்துக் கொடுக்காதீர்கள். பழைய பொருள்களை இலவசமாகக் கைமாற்றிக்கொள்ளும் எங்கள் குழுமத்தில் இரண்டு வருடத்துக்கு முன் நான் அதைத்தான் செய்தேன். பன்னிரண்டு பேர், 41 பக்கம், ஆறு வாரக் கெடு. கெடுவுக்குள் 29 பக்கம் வந்தது. வந்ததை வரிசையாகப் படித்தால் ஒரு பக்கத்தில் 'உள்நுழையவும்', அடுத்ததில் 'புகுபதிகை செய்க', இன்னொன்றில் 'லாகின் பண்ணுங்கள்'. எழுதிய மூவரிடமும் காரணம் இருந்தது. 'புகுபதிகை' என்று எழுதியவர் தமிழ் விக்கிப்பீடியாவில் பல வருடம் பங்களித்தவர், அவருக்கு அதுதான் பழகிய சொல். ஆனால் படிக்கிறவர் அவை மூன்றும் வெவ்வேறு வேலை என்று நினைத்துக்கொண்டார்.

முதலில் ஐந்து பக்கம் போதும். எந்த ஐந்து என்பதைத் தமிழ் உறுப்பினர்கள் உங்களிடம் திரும்பத் திரும்பக் கேட்கும் கேள்விகளை வைத்து முடிவு செய்யுங்கள். எங்களுக்கு அவை கணக்கு தொடங்குவது, கடவுச்சொல் மறந்துபோனால் செய்ய வேண்டியது, பொருளைப் படத்தோடு போடுவது, வாங்க வருகிறவரை எங்கே சந்திப்பது, மோசடியை அடையாளம் காண்பது. குழும வரலாறு, நிர்வாகிகளைத் தேர்ந்தெடுக்கும் விதி எல்லாம் காத்திருக்கலாம்.

மார்ச் 5

சொல்ல விட்டுப்போனது: சொற்பட்டியல். ஒரு வரி மொழிபெயர்ப்பதற்கு முன்பே 100 சொற்களையாவது எல்லாரும் உட்கார்ந்து முடிவு செய்துகொள்ளுங்கள்.

மார்ச் 9

நான்கு நாள் யோசித்தபிறகு மேலே எழுதியதை மாற்றிக்கொள்கிறேன். 100 சொல்லை முதலில் முடிவு செய்யச் சொன்னது தவறு.

நாங்கள் அப்படித்தான் இரண்டாம் முறை தொடங்கினோம். இங்கே சிங்கப்பூரில், விக்டோரியா ஸ்திரீட் தேசிய நூலகத்தில் ஒரு சனிக்கிழமை கூடினோம். 'கிளிக்' என்பதற்குச் 'சொடுக்கு' போதுமா, கைப்பேசியில் சொடுக்க எங்கே இருக்கிறது, 'தட்டு' என்றால் கதவைத் தட்டுவதுபோல இல்லையா, 'அழுத்து' என்றால் என்ன குறை என்று பேசியதிலேயே மதியம் ஆகிவிட்டது. எனக்கு அந்தப் பேச்சு மிகவும் பிடிக்கும், நாள் முழுக்கப் பேசுவேன். ஆனால் ஐந்து வாரத்துக்குப் பிறகு கையில் 64 சொல் இருந்தது, ஒரு பக்கம்கூட இல்லை. பன்னிரண்டு பேரில் ஐந்து பேர் வருவதை நிறுத்தியிருந்தார்கள். அவர்களில் இருவர் வேலை முடிந்து இரவில் ஒரு மணி நேரம் ஒதுக்கி வந்தவர்கள். அந்த நேரத்தை நான் வீணாக்கினேன் என்று இன்னமும் உறுத்துகிறது.

அதனால் இப்படிச் செய்யுங்கள். ஒரே ஒரு பக்கத்தை இரண்டு பேர் சேர்ந்து மொழிபெயர்க்கட்டும். அதில் வரும் சொற்கள் முப்பதோ நாற்பதோ இருக்கும், அவைதான் பட்டியல். அடுத்த பக்கம் பத்துச் சொல் சேர்க்கும், அதற்கடுத்தது நாலு. பக்கம் வளர வளரப் பட்டியலும் வளரும். சண்டை வந்தால் ஒருவர் தீர்ப்புச் சொல்லட்டும், அவர் யார் என்பதை மட்டும் முதல் நாளே முடிவு செய்துகொள்ளுங்கள்.

மார்ச் 9, இரவு

ஒரு விதிவிலக்கு உண்டு. 'இணைப்பு' என்ற சொல்லை முதல் நாளே தீர்த்துவிடுங்கள். ஒரு பக்கத்திலிருந்து இன்னொரு பக்கத்துக்குப் போக அழுத்துவதும் இணைப்பு, செய்தியோடு சேர்த்து அனுப்பும் கோப்பும் இணைப்பு, வைஃபை கிடைத்தாலும் இணைப்பு. எங்கள் பழைய பக்கம் ஒன்றில் "படத்தின் இணைப்பை இணைப்பில் காண்க" என்று ஒரு வரி இருந்தது. அதை நூலகத்தில் சத்தமாகப் படித்தபோது ஒரு மேசையே சிரித்து, பக்கத்து மேசைக்காரர் திரும்பிப் பார்த்தார். இப்போது முதலாவது 'சுட்டி', இரண்டாவது 'உடன் அனுப்பும் கோப்பு', மூன்றாவது மட்டும் 'இணைப்பு'. 'சுட்டி' என்றால் மவுஸ்தானே என்று ஒருவர் கேட்டார். நியாயமான கேள்விதான். எங்கள் உறுப்பினர்கள் கைப்பேசியில்தான் வருகிறார்கள், மவுஸைப் பற்றி எழுதவே தேவை வரவில்லை. உங்களுக்கு வந்தால் வேறு சொல் பாருங்கள்.

மார்ச் 15

"சிங்கப்பூர்த் தமிழா, தமிழ்நாட்டுத் தமிழா?" என்று இன்னொருவர் கேட்டிருக்கிறார்.

பெயர் கொடுத்தவர்களைக் குறிக்கும் சொல்லிலேயே அந்தக் கேள்வி தொடங்கிவிடுகிறது. இங்கே 'தொண்டூழியர்', அங்கே 'தன்னார்வலர்'. இங்கே 'அமைச்சு', அங்கே 'அமைச்சகம்'. டிஜிட்டல் என்பதை இங்கே 'மின்னிலக்கம்' என்கிறோம், அமைச்சின் பெயரே மின்னிலக்க மேம்பாடு, தகவல் அமைச்சு. தஞ்சாவூரிலிருந்து போன வருடம் வந்த தம்பிக்கு அந்தச் சொல் புதிது. இங்கே பிறந்து வளர்ந்த என் அக்கா மகளுக்கோ, அங்கே சிலர் அதற்கு எழுதும் 'எண்ணிமம்' புரியாது.

நாங்கள் வைத்துக்கொண்ட வழி இது. அமைப்புகளின் பெயர் என்றால் இங்கே வழங்குவதே: வீடமைப்பு வளர்ச்சிக் கழகம், மத்திய சேமநிதி, சமூக மன்றம், மனிதவள அமைச்சு. இவற்றை நாமாக மொழிபெயர்க்கவே கூடாது. ஒரு தொண்டூழியர் சமூக மன்றத்தைச் 'சமுதாயக் கூடம்' என்று எழுத, சந்திக்க வந்தவர் கல்யாண மண்டபம் எது என்று கேட்டு அலைந்தார். 2022 ஜூனில் தொடங்கிய அரசாங்க மொழிபெயர்ப்புத் தளமான எஸ்ஜி டிரான்ஸ்லேட் டுகெதரில் அரசாங்கச் சொற்களுக்கு நான்கு மொழியிலும் வழங்கும் பெயர்கள் கிடைக்கின்றன, அங்கே பார்த்து எடுத்துக்கொள்ளுங்கள். தமிழ் முரசு நாளிதழை ஒரு வாரம் தொடர்ந்து படித்தாலே பாதிச் சொல் காதில் ஏறிவிடும்.

செயல்களுக்கு எல்லா ஊர்க்காரருக்கும் புரியும் சொல்: அழுத்துங்கள், எழுதுங்கள், அனுப்புங்கள், சேமியுங்கள். '-வும்', '-க', '-ங்கள்' மூன்றையும் கலக்காதீர்கள். பொத்தானில் 'சேமி', 'அனுப்பு' என்று சுருக்கமாக இருக்கலாம், யாரும் மரியாதைக் குறைவாக எடுத்துக்கொள்வதில்லை. விளக்கத்தில் எப்போதும் '-ங்கள்'.

மார்ச் 16

"தமிழில் யார் படிக்கப்போகிறார்கள், எல்லாருக்கும்தான் ஆங்கிலம் தெரியுமே" என்று வந்த கேள்விக்கு.

2020 மக்கள்தொகைக் கணக்கெடுப்பின்படி 5 வயதும் அதற்கு மேலும் உள்ள குடியிருப்பாளர்களில், வீட்டில் ஆக அதிகமாகத் தமிழ் பேசுகிறவர்கள் 2.5 விழுக்காடு. சிறிய எண் என்பது எனக்கும் தெரியும். ஆனால் அந்தக் கணக்கு குடிமக்களையும் நிரந்தரவாசிகளையும் மட்டும் எண்ணியது. தங்கும் விடுதியில் இருந்துகொண்டு நம் குழுமத்தில் பழைய மின்விசிறி தேடுகிற வெளிநாட்டு ஊழியர்கள் அதில் இல்லை. எங்களுக்குத் தமிழில் வந்த கேள்விகளில் அவர்கள் அனுப்பியவையும், பேரப்பிள்ளை வீட்டில் இல்லாத நேரத்தில் பாட்டிமார் அனுப்பியவையும்தான் மிகுதி.

மார்ச் 23

இதை நீளமாகவே எழுத வேண்டும். நாங்கள் செய்ததில் இதைத்தான் மிகவும் பிந்திக் கற்றுக்கொண்டோம்.

ஈசூனில் எங்கள் புளோக்கின் கீழ்த்தளத்தில் ஓர் ஆன்டி தினமும் மாலையில் உட்காருவார். எழுபதைத் தாண்டியவர், தமிழ் நன்றாகப் படிப்பார். 'கடவுச்சொல் மறந்தால்' பக்கத்தை அவர் கையில் கொடுத்து, "இதைப் பார்த்து நீங்களே செய்யுங்க ஆன்டி, நான் வாய் திறக்க மாட்டேன்" என்று சொல்லிவிட்டுப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்று பேர் பார்த்துத் திருத்திய பக்கம் அது. எனக்கு முழு நம்பிக்கை இருந்தது.

தலைப்பிலேயே நின்றுவிட்டார். 'கடவுச்சொல்லை மீட்டமைத்தல்'.

"என்னத்தை மீட்கணும்? அடகு வச்சதையா?"

வாய் திறக்க மாட்டேன் என்று சொல்லியிருந்ததால் சும்மா இருந்தேன். அடுத்த வரிக்குப் போனார். "சமர்ப்பிக்கவும் என்ற பொத்தானை அழுத்தவும்" என்று இருந்தது. திரையை மேலும் கீழும் தள்ளித் தேடினார். கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு இன்னொரு முறை தேடினார். பக்கத்தில் சொன்ன அந்தப் பொத்தான் திரையில் எங்கேயும் இல்லை. எப்படி இருக்கும்? நாங்கள் உதவிப் பக்கத்தைத்தான் தமிழாக்கியிருந்தோம், செயலியின் பொத்தான்கள் ஆங்கிலத்திலேயே இருந்தன. நாங்கள் மூவரும் ஆங்கிலத் திரையைப் பார்த்தே பழகியவர்கள், மனதுக்குள்ளேயே மாற்றிப் படித்துவிட்டோம். ஆன்டிதான் பக்கத்தில் எழுதியிருந்ததை எழுதியிருந்தபடி நம்பினார். கைப்பேசியை என்னிடம் நீட்டி, "எனக்கு இதெல்லாம் வராதுப்பா" என்றார். தவறு எங்களுடையது, அவர் தன்னைக் குறை சொல்லிக்கொண்டார். அந்தக் குரல் இன்னும் காதில் இருக்கிறது.

அன்று இரவே தலைப்பை 'கடவுச்சொல் மறந்துவிட்டதா? புதிதாக வைத்துக்கொள்வது எப்படி' என்று மாற்றினேன். பொத்தான் வரும் இடத்தில் எல்லாம் அந்தப் பொத்தானின் படத்தையே வெட்டி ஒட்டினோம். "கீழே பச்சை நிறத்தில் உள்ள இந்தப் பொத்தானை அழுத்துங்கள்" என்று எழுதினோம். இரண்டு நாள் கழித்து ஆன்டி அதே பக்கத்தைப் பார்த்து நாலு நிமிடத்தில் புதுக் கடவுச்சொல் வைத்துக்கொண்டார்.

உங்களிடம் பத்துப் பேர் இருந்தால் ஆறு பேர் மொழிபெயர்க்கட்டும். மீதி நாலு பேர் இப்படிப் பக்கத்தில் உட்காரட்டும்.

மார்ச் 24

அதே மாதிரி இன்னொன்று, சுருக்கமாக. துவாஸ் பக்கம் விடுதியில் இருக்கும் ஒரு தம்பியிடம் மோசடிப் பக்கத்தைக் காட்டினோம். "சந்தேகம் வந்தால் புகார் செய்யுங்கள்" என்று இருந்தது. படித்தார், புரிந்தது. ஆனால் அழுத்த மாட்டேன் என்றார். "புகார்னா போலீசுக்குப் போகும்ல அண்ணே? நமக்கு எதுக்கு வம்பு." எங்கள் நிர்வாகிகளுக்கு மட்டும் போகிற செய்தி அது. 'எங்களுக்குத் தெரிவியுங்கள்' என்று மாற்றி, "இதை எங்கள் குழும நிர்வாகிகள் மட்டும் பார்ப்பார்கள்" என்று ஒரு வரி சேர்த்தோம். அதன் பிறகு தமிழில் தகவல் வரத் தொடங்கியது.

ஏப்ரல் 2

கூகல் மொழிபெயர்ப்பைப் பயன்படுத்தலாமா என்று மூன்று பேர் கேட்டுவிட்டார்கள். வரைவுக்குப் பயன்படுத்துங்கள், நாங்களும் செய்கிறோம். ஆனால் வரைவைத் திருத்துகிறவர் முதலில் ஆங்கில மூலத்தைப் படித்துவிட்டு வர வேண்டும். வரைவை முதலில் படித்தால் அதன் வாக்கிய அமைப்பு கண்ணில் ஒட்டிக்கொள்ளும், பிறகு சொல்லை மாற்றுவோமே தவிர வாக்கியத்தை மாற்ற மாட்டோம். எனக்கே அப்படித்தான் ஆகிறது.

ஏப்ரல் 6

தொழில்நுட்பக் காரியம் இரண்டு. பிடிக்காதவர்கள் தாண்டிப் போகலாம்.

ஒன்று, தேடல். 'பொருள்' என்று தேடினால் 'பொருள் போடுவது எப்படி' என்ற பக்கமே வரவில்லை. கண்ணுக்கு எழுத்து சரியாக இருந்தது. காரணத்தைக் கண்டுபிடிக்க இரண்டு நாள் ஆனது. கணினிகள் எழுத்துகளைக் குறிக்கும் பொது முறையான யூனிகோடில் 'பொ' என்பதை இரண்டு விதமாக எழுதலாம்: 'ப'வோடு 'ொ' என்ற ஒற்றைக் குறியைச் சேர்க்கலாம், இல்லையென்றால் கொம்பையும் துணைக்காலையும் தனித்தனியாகச் சேர்க்கலாம். திரையில் இரண்டும் ஒன்றுபோலவே தெரியும். இரண்டையும் சமமாக்கும் முறை யூனிகோடிலேயே இருக்கிறது, நல்ல தேடுபொறிகள் அதைச் செய்துகொள்ளும். எங்களுடையது செய்யவில்லை. ஒரு தொண்டூழியரின் பழைய விசைப்பலகை இரண்டாம் விதமாகத் தட்டியிருந்தது. இப்போது பக்கத்தை ஏற்றும்போதே எல்லாவற்றையும் ஒரே வடிவத்துக்கு மாற்றிவிடுகிறோம். உங்களுக்கு இது 'கொத்தமல்லி'யிலேயே வரும், கவனம்.

இதை எழுதும்போது நா. கோவிந்தசாமியை நினைத்துக்கொண்டேன். இணையத்தில் தமிழ் தெரிய வேண்டும் என்று இங்கே சிங்கப்பூரில் உட்கார்ந்து பாடுபட்டவர், 1999இல் மறைந்தார். 1997இல் தேசியப் பல்கலைக்கழகத்தில் தமிழ்நெட் மாநாடு நடந்த காலத்தில் ஒருவர் எழுத்துருவில் எழுதியது இன்னொருவர் கணினியில் வெறும் குறிகளாகத்தான் தெரியும். அங்கிருந்து பார்த்தால் நம் சிக்கல் சிறியது.

இரண்டு, பெயரைத் தானாகச் செருகும் வரிகள். ஆங்கிலத்தில் வெற்றிடத்தில் பெயரைப் போட்டால் வேலை முடிந்தது. தமிழில் வேற்றுமை உருபு ஒட்ட வேண்டும், செயலிக்கு அது தெரியாது. 'முருகன்ஐத் தடுக்க வேண்டுமா?' என்று வந்து நின்றது. 'முருகன் என்ற உறுப்பினரைத் தடுக்க வேண்டுமா?' என்று எழுதிவிட்டால் எந்தப் பெயர் வந்தாலும் சரியாக இருக்கும்.

ஏப்ரல் 19

இதை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். எழுதியே ஆக வேண்டும்.

மோசடிப் பக்கத்தில் ஓடிபி பற்றிய ஒரு வரி, "ஒருமுறைக் கடவுச்சொல்லை யாரிடமும் பகிர வேண்டாம்" என்று இருந்திருக்க வேண்டும். வெளியான பக்கத்தில் "ஒருமுறைக் கடவுச்சொல்லை யாரிடமும் பகிரவும்" என்று இருந்தது. மொழிபெயர்த்தவர் சரியாகத்தான் கொடுத்தார். எல்லா வரியையும் ஒரே நடைக்குக் கொண்டுவருகிறேன் என்று நடுராத்திரியில் திருத்தியது நான். பதினோரு நாள் அப்படியே கிடந்தது. உறுப்பினர் ஒருவர் சுட்டிக்காட்டினார். அந்தப் பதினோரு நாளில் பக்கத்தைத் திறந்தவர்களில் தொடர்புகொள்ள முடிந்த எல்லாருக்கும் செய்தி அனுப்பினோம். யாரும் பணம் இழந்ததாகச் சொல்லவில்லை. அந்த வாரம் எனக்குத் தூக்கம் இல்லை.

அதிலிருந்து இரண்டு பழக்கம் வைத்திருக்கிறோம். பணம், பாதுகாப்பு பற்றிய பக்கத்தை வெளியிடும் முன் ஒருவர் தமிழை வாய்விட்டுப் படிப்பார், இன்னொருவர் ஆங்கிலத்தைக் கையில் வைத்துக்கொண்டு கேட்பார். கண் தாண்டிப் போகிற 'வேண்டாம்' காதில் மாட்டிக்கொள்ளும். அப்புறம், கடைசியாகத் திருத்தியவரே வெளியிடக் கூடாது. நான் உட்பட.

ஏப்ரல் 20

மேலே சொன்ன வாய்விட்டுப் படிக்கும் வேலை 'நேரம் இழுக்கும்' என்று ஒருவர் எழுதியிருக்கிறார். ஒரு பக்கத்துக்குப் பன்னிரண்டு நிமிடம் ஆகிறது. எம்ஆர்டியில் போகும்போது தொலைபேசியிலேயே முடித்த நாளும் உண்டு.

மே 3

ஆங்கில மூலம் மாறினால் என்ன செய்வது என்ற கேள்வி வரும் என்று காத்திருந்தேன், வந்துவிட்டது.

எங்கள் 29 பக்கத்தில் ஒரு வருடம் கழித்துப் பார்த்தால் 17 பக்கம் பழசாகியிருந்தது. ஆங்கிலத்தில் பொத்தான் இடம் மாறியிருக்கிறது, விதி மாறியிருக்கிறது, தமிழில் பழையபடியே. பழைய உதவிப் பக்கத்தை நம்பி ஒருவர் இல்லாத பொத்தானைத் தேடுவதற்குப் பதிலாக, பக்கமே இல்லாமல் இருந்தால் நேரே நம்மிடம் கேட்டிருப்பார். அதனால்தான் ஐந்து பக்கம் என்று முதல் நாளே சொன்னேன். ஐந்தைப் புதுப்பித்துக்கொண்டே இருக்க முடியும்.

விக்கிப்பீடியாவை இயக்கும் மீடியாவிக்கி மென்பொருளில் இதற்கென்று ஒரு நீட்சி உண்டு. பக்கத்தைச் சிறு துண்டுகளாக உடைத்துக் கொடுக்கும், மூலத்தில் ஒரு துண்டு மாறினால் அதன் தமிழ் பழசாகிவிட்டது என்று காட்டும், மற்றத் துண்டுகளைத் தொடாது. உங்கள் தளத்தில் அப்படி எதுவும் இல்லையென்றால் ஒரு விரிதாள் போதும்: பக்கத்தின் பெயர், மூலம் மாறிய தேதி, தமிழைப் பார்த்த தேதி, பார்த்தவர். மாதம் ஒரு முறை ஒருவர் இரண்டு தேதியையும் ஒப்பிட வேண்டும். பழசான பக்கத்தின் மேலே "இந்தப் பக்கம் புதுப்பிக்கப்பட்டு வருகிறது" என்று ஒரு வரி போட்டுவிடுங்கள். அதோடு, ஆங்கிலப் பக்கத்தை மாற்றுகிறவருக்குத் தமிழ்ப் பக்கம் ஒன்று இருப்பது தெரிய வேண்டும். எங்களில் அது பல மாதம் தெரியாமலே இருந்தது.

மே 4

ஆட்களைத் தக்கவைப்பது பற்றி. பத்துப் பேரில் நாலு பேர் நிலைத்தால் நல்லது என்று எடுத்துக்கொள்ளுங்கள். தேசிய சேவைக்குப் போவார்கள், தேர்வு வரும், குழந்தை பிறக்கும். விடைபெறும்போது பட்டியலையும் பாதி முடித்த பக்கத்தையும் இன்னொருவர் கையில் கொடுத்துவிட்டுப் போகும்படி கேளுங்கள், குற்றவுணர்வு வராதபடி கேளுங்கள். ஒவ்வொரு பக்கத்தின் அடியிலும் தமிழாக்கியவர் விரும்பினால் பெயர் போடுங்கள். 2015இல் சிங்கப்பூர்த் தமிழ் நூல்களை மின்வடிவமாக்கியபோது தொண்டூழியர்கள் உட்கார்ந்து எழுத்து எழுத்தாக மெய்ப்புப் பார்த்தார்கள். அந்த மாதிரி வேலை செய்தவர்களின் பெயர் எங்காவது நிற்க வேண்டும் என்று எனக்குத் தோன்றிக்கொண்டே இருக்கும்.

ஜூன் 8

முதலில் கேள்வி கேட்டவர் இன்று காலை எழுதினார். ஜூன் விடுமுறை தொடங்கிவிட்டது, 38இல் மூன்று பக்கம் முடிந்திருக்கிறது, பத்துப் பேரில் எட்டுப் பேர் இன்னும் இருக்கிறார்கள். முதல் பக்கம் 'தொட்டியில் செடி வாடினால் யாரிடம், எப்படிக் கேட்பது'. அச்சடித்து எடுத்துக்கொண்டு போய் ஈசூன் ஆன்டியிடம் கொடுத்தேன். கடைசி வரை படித்துவிட்டு ஒரே இடத்தில் விரலை வைத்தார்: 'ஈரப்பதத்தைச் சரிபார்க்கவும்'.

"மண்ணைத் தொட்டுப் பாருன்னு எழுதச் சொல்லு."

அந்த வரியைச் சிவப்பில் குறித்துத் திருப்பி அனுப்பியிருக்கிறேன். மற்ற இரண்டு பக்கத்தையும் இந்த வாரம் அனுப்புங்கள், ஆன்டி கேட்டுக்கொண்டிருக்கிறார்.